லென்ஸைக் குறை சொல்லும் முன்

பழைய லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டு வரும் பிள்ளைகள் கைப்பேசியை நீட்டுகிறார்கள். யாரோ பிலிமில் எடுத்து, ஸ்கேன் செய்து இணையத்தில் போட்ட படம். “ஓரமெல்லாம் மங்கலா இருக்குங்க ஐயா, லென்ஸ் சரியில்லைதானே?”

அந்த மங்கல் லென்ஸுடையதுதான் என்று எப்படித் தெரியும்? நெகட்டிவ் லேசாகச் சுருண்டிருந்தாலே ஸ்கேனரில் ஓரிடம் தெளிவாகவும் ஓரிடம் மங்கலாகவும் விழும். வீட்டில் வைத்திருக்கும் தட்டை ஸ்கேனர்கள் பலவற்றில் போகஸை மாற்றவே முடியாது. ஸ்கேனருக்குள்ளும் ஒரு லென்ஸ் இருக்கிறது; அதன் குறையும் சேர்ந்துதான் திரைக்கு வருகிறது. போதாததற்கு மென்பொருள் தன் பங்குக்குக் கூர்மையை ஏற்றிவிடும். அப்போது சுமாரான லென்ஸ்கூடப் பிரமாதமாகத் தெரியும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அகலம் 36 மி.மீ. அதை 1000 பிக்சலாகச் சுருக்கினால் ஒரு மி.மீ.க்கு 28 பிக்சல்கூட முழுதாக வராது. அதற்குள் 14 ஜோடிக் கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பிரித்துக் காட்டுவதே கடினம். நல்ல பிலிமில் ஓரளவு நல்ல லென்ஸே 40, 50 ஜோடி காட்டும். பால் ருடால்ஃப் 1902-இல் சைஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த டெசார் லென்ஸில் நான்கே கண்ணாடிகள். எஃப் 8-க்கு மூடி எடுத்தால் அதுவும், அதைவிடப் பல மடங்கு விலை போகும் லென்ஸும் கைப்பேசித் திரையில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மனிதர்களைப் பற்றிய சேதியையும் நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். ஒருவரைப் பற்றிக் குறை காதில் விழுந்தால், அது எத்தனை வாய் கடந்து வந்தது, வழியில் யார் எதைக் கூட்டினார்கள் என்று விசாரிப்பேன். சம்பந்தம் பேசும் வீடுகளில் இந்த விசாரணை இல்லாமல் நல்ல பிள்ளைகள் கெட்ட பெயர் வாங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சம்பந்தப்பட்டவரை நேரில் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

பகிர்ந்த படத்தில் ஒன்றுமே தெரியாது என்று சொல்லவில்லை. நேர்க்கோடு வளைந்தால் தெரியும். சோவியத் நாட்டு ஹீலியோஸ் 44 லென்ஸில் பின்னணி சுழல்வது எவ்வளவு சுருக்கினாலும் தெரியும். கூர்மையை மட்டும் அங்கே தேடாதீர்கள். லென்ஸை முக்காலியில் நிறுத்திய கேமராவில் மாட்டி, முழுதாகத் திறந்து ஒன்று, எஃப் 8-இல் ஒன்று என ஒரே செங்கல் சுவரை எடுங்கள். நெகட்டிவை வெளிச்சப் பெட்டியில் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் நான்கு மூலைகளையும் பாருங்கள். அதற்கு ஒரு ரோல் செலவாகும். அந்த ஒரு ரோலுக்கு லென்ஸைத் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.