முதிய உலங்கூர்தியும் காக்கும் கைகளும்

நுழையும்முன்

பழையது என்பதாலேயே ஒரு பொருள் பயனற்றதாகிவிடாது; புதியது என்பதாலேயே நம்பத்தக்கதாகிவிடவும் முடியாது. இரண்டையும் முடிவு செய்வது மனிதர் செலுத்தும் கவனமே. அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்திய வானில் பறந்துவரும் சிறிய உலங்கூர்திகளைப் பேணுவோரின் பணி இவ்வுண்மையை விளக்குகிறது.

வெள்ளமும் வானும்

2015 டிசம்பர் முதல் நாளில் பெய்த பெருமழையால் அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை போன்ற பகுதிகள் நீரில் மூழ்கின. மீனம்பாக்கம் விமான நிலையம் மூடப்பட, அரக்கோணத்திலுள்ள கடற்படையின் ராஜாளி வானூர்தித் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன. மொட்டைமாடிகளில் தவித்தவர்களுக்கு உலங்கூர்திகள், அதாவது ஹெலிகாப்டர்கள், உணவுப் பொட்டலங்களை இறக்கின.

மாடியில் நின்று கைநீட்டுவோர் அவ்வூர்தியின் வயதைக் கேட்பதில்லை. அது பழுதின்றிப் பறக்க வேண்டும் என்பதே அவர்தம் தேவை. அந்த உறுதியை அளிப்பவர்கள் வானில் தென்படுவதில்லை. தரையில், பணிமனையில் இருக்கிறார்கள். தியாகராய நகரின் மாம்பலம் நிலையத்தில் புறநகர் மின்தொடர்வண்டி ஏறினால் சென்றடையும் தாம்பரத்தில், விமானப்படையின் இயந்திரவியல் பயிற்சி நிலையம் இத்தகைய கைகளைப் பழக்கி அனுப்புகிறது.

சேத்தக்கும் சீட்டாவும்

பிரெஞ்சு நாட்டின் அலூவெட் 3 என்னும் உலங்கூர்தி 1959இல் முதன்முதலாகப் பறந்தது. அதனை உரிமம் பெற்றுத் தயாரித்த இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம், மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயரால் ‘சேத்தக்’ என அழைத்தது. இந்நிறுவனம் உருவாக்கிய முதல் ஊர்தி 1965இல் பறந்தது. உயர்மலைப் பகுதிகளில் பறக்கவேண்டிய இந்தியாவின் தேவையை முன்னிட்டு உருவானது ‘லாமா’; அதன் இந்திய வடிவமே ‘சீட்டா’. 1972இல் லாமா ஒன்று 12,000 மீட்டருக்கும் மேலான உயரத்தை எட்டி உலகச் சாதனை படைத்தது. சியாச்சின் பனிமலையில் காவல் புரியும் வீரர்களுக்கு மருந்தும் உணவும் கொண்டுசெல்வதும், நோயுற்றோரை மீட்டு வருவதும் சீட்டாவின் நெடுங்காலப் பணி. ராஜாளித் தளத்தில் கடற்படை வானோடிகள் பலர் பயிற்சி பெற்றது சேத்தக்கிலேதான்.

தேய்மானத்தின் மொழி

இவ்வூர்திகளின் உயிர்நாடி ஆர்ட்டூஸ்ட் என்னும் விசையாழிப் பொறி. காற்றை உள்ளிழுத்து அழுத்தி, எரியறையில் எரிபொருளுடன் எரித்து, வெளிப்படும் வெப்பக் காற்றால் விசையாழியைச் சுழற்றுவது அதன் இயக்கம். அதன் தண்டு நிமிடத்திற்கு 33,500 முறை சுழல்கிறது. பற்சக்கரங்கள் அவ்வேகத்தைக் குறைத்து, மேலுள்ள மூன்று இறகுகளை ஏறத்தாழ 350 முறை சுழலச் செய்கின்றன. சீட்டாவில் 870 குதிரைத்திறன் தரவல்ல பொறியை 550 அளவிலேயே இயங்குமாறு வரையறுத்தனர். காற்று மெலிந்த உயரத்தில் பொறியின் திறன் குறையும்போது, அடக்கி வைத்த அந்த ஆற்றல் கைகொடுக்கிறது.

ஓயாத சுழற்சியும் அதிர்வும் உலோகத்தைக் களைப்படையச் செய்கின்றன. களைப்பு முதலில் மயிரிழை விரிசலாய்த் தோன்றும். வெறும் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே, உறுப்பின்மீது சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து, வெண்பொடி பரப்புவர். விரிசலுக்குள் தங்கிய சாயம் கசிந்து கோடாக வெளிப்படும். எண்ணெய் ஓடும் வழியில் பொருத்திய சிறு காந்தத்தில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தால், பற்சக்கரமோ தாங்குருளையோ தேய்கிறது எனப் பொருள். நோய் முற்றுமுன் குருதிச் சோதனையால் மருத்துவர் அதனைக் கண்டறிவது போன்றது இது.

கடற்காற்றும் ஒரு பகை. அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் கடலோர வீடுகளின் சன்னல் கம்பிகள் விரைவில் துருவேறுவதைச் சென்னை மக்கள் அறிவர். கடலின்மேல் பறந்து திரும்பிய ஊர்தியை நன்னீரால் கழுவுவதும், பொறியின் உட்புறத்தைத் தூய்மை செய்வதும் அதனால் கட்டாயமாகின்றன.

வளையம் ஒன்று குறைந்தால்

மயிலாப்பூர்ப் பங்குனித் தேர் புறப்படுமுன் சக்கரமும் அச்சும் சரிபார்க்கப்படுகின்றன. தேர் பழுதுபட்டால் தரையில் நின்றுவிடும். உலங்கூர்திக்கு வானில் நிற்க இடமில்லை. எனவே, பறப்பைக் கட்டுப்படுத்தும் உறுப்பை ஒருவர் பொருத்தினால், மற்றொருவர் தனியே சோதித்துக் கையொப்பமிட வேண்டும். பணி முடிந்ததும் கருவிகள் எண்ணப்படும். ஒரு திருகுசாவி குறைந்தாலும் அது கிடைக்கும்வரை ஊர்தி புறப்படாது.

“ஐயா, வளையம் ஒன்று குறைகிறது” என்று சொல்லப் பயிற்சி பெறும் இளைஞர் அஞ்சலாகாது. “எங்கே விழுந்தது தம்பி? வா, தேடுவோம்” என்பதே மூத்தவரின் முதற்சொல்லாக இருத்தல் வேண்டும். கடிந்து பேசினால், அடுத்த முறை அவ்விளைஞர் மறைக்கக் கற்றுக்கொள்வார். மறைக்கப்பட்ட சிறு வளையம் ஒன்று பல உயிர்களுக்கு விலையாகலாம்.

புதுப்பித்தலும் ஓய்வும்

பழைய ஊர்தியைப் புதுப்பித்தல் என்பது வண்ணம் தீட்டி மெருகூட்டுவது அன்று. பழைய வண்ணத்தை அகற்றி, உறுப்புகளைத் தனித்தனியே பிரித்து, அளந்து, சோதித்து மீண்டும் பொருத்துவதாகும். முதன்மையான உறுப்புகளுக்குப் பறக்கும் மணிநேரத்தைக் கொண்டு வாழ்நாள் வரையறுக்கப்பட்டுள்ளது. அந்நேரம் முடிந்ததும், குறை தெரியாவிடினும் அவ்வுறுப்பு விலக்கப்படும். எத்துணைப் பளபளப்பாக இருப்பினும், பயன்பாட்டுப் பதிவு இல்லாத உறுப்பைப் பொருத்துதல் கூடாது. அருங்காட்சியகத்தில் நிற்கும் ஊர்திக்குத் தோற்றம் போதும். பறக்கும் ஊர்திக்கு மெய்யான பதிவேடு வேண்டும்.

ஆயினும், பேணுதலுக்கும் எல்லை உண்டு. விபத்துகளில் வீரர்களை இழந்த நாடு, இம்முதிய ஊர்திகளை மாற்றவேண்டும் என்ற குரலையும் கேட்டது. அக்குரலை எழுப்பியோருள் படைவீரர்களின் மனைவியரும் இருந்தனர். இவற்றின் இடத்தை நிரப்ப வடிவமைக்கப்பட்ட இந்திய இலகுரகப் பயன்பாட்டு உலங்கூர்தி 2016இல் முதன்முறையாகப் பறந்தது. கர்நாடகத்தின் துமகூருவில் அதற்கான தொழிற்சாலை 2023இல் திறந்துவைக்கப்பட்டது.

பழையதைக் காப்பதும், உரிய காலத்தில் அதற்கு ஓய்வளிப்பதும் ஒரே பொறுப்பின் இரு பக்கங்கள். “இன்னும் பறக்கும்” எனக் கையொப்பமிடும் பணியாளரே “இனிப் பறக்கலாகாது” எனச் சொல்லும் துணிவும் உடையவராதல் வேண்டும். அவருடைய பெயர் செய்தித்தாளில் வருவதில்லை. புறப்பட்டவர்கள் பத்திரமாக வீடு திரும்பும் ஒவ்வொரு மாலையும் அவர் பணிக்குச் சான்றாகிறது.