கீழே கடை, மேலே வீடு

திருவல்லிக்கேணியில் விலைக்கு வந்திருக்கும் அந்தக் கட்டடத்தைப் பார்க்க வருகிறவர்கள் கட்டடத்தைப் பார்ப்பதே இல்லை. வாசலில் நின்று தெருவின் அகலத்தைக் கண்ணால் அளக்கிறார்கள். "மனை எவ்வளவு?" என்கிறார்கள். முக்கால் கிரவுண்டு, 1,800 சதுர அடி என்றதும் மனக்கணக்குப் போட்டுவிட்டு, மாடிப்படியை மிதிக்காமலே திரும்பியவர்கள் உண்டு. பெரியம்மாவின் சொத்தை விற்றுக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததிலிருந்து, சாவிக்கொத்தும் ஜெராக்ஸ் கட்டுமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கீழே கடை, மேலே வீடு, மொட்டை மாடியில் ஓர் அறை. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியும் பெரிய தெருப் பக்கமும் இந்த மாதிரிக் கட்டடங்கள் நிறைய. கடை வாடகையில் சொத்து வரியும் வெள்ளையடிப்பும் நடந்துவிடும். மாடியறையில் வேலை தேடி ஊருக்கு வந்த ஒண்டிக்கட்டை யாராவது இருப்பார். அவர்களுக்கென்றே மேன்ஷன்கள் முளைத்த பேட்டை அல்லவா!

எங்கள் கட்டடத்தில் கீழே இருப்பது காப்பித்தூள் கடை. காலையில் மெஷின் ஓடத் தொடங்கினால் மேலே அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று கிணுகிணுக்கும். கொட்டை வறுபடும் வாசனை படியேறி வந்து, கொடியில் காயும் புடவை வரைக்கும் ஏறிவிடும். வாடகை தருவதோடு கடைக்காரரின் வேலை முடிந்ததில்லை. கொரியர் அவரிடம்தான் இறங்கும், சிலிண்டர்காரனுக்குப் பணம் கொடுத்து வைப்பவரும் அவர்தான். முன்பின் தெரியாத ஆள் படியில் கால் வைத்தால், சிக்கரி நிறுத்துக்கொண்டே, "யாரு வேணும்?" என்று ஒரு குரல் கொடுப்பார். எழுபத்தைந்து வயதில் பெரியம்மா மாடியில் தனியாக இருக்க முடிந்தது அந்தக் குரலால்தான். வாடகை ஒப்பந்தத்தில் இதற்கெல்லாம் ஷரத்து கிடையாது.

மதிப்பீட்டாளர் வந்தார். மனைக்கு ஒரு தொகை எழுதினார், கட்டடத்துக்கு எதுவும் இல்லை. இடிக்கிற செலவு வேறு இருக்கிறதே என்றார். எனக்கு இதில் ஒரு வழக்கு உண்டு. பின்கட்டு பழைய மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டது. அதில் இன்றைக்கும் விரிசல் இல்லை. முன்பக்கம் பின்னாளில் சேர்த்த கான்கிரீட் பால்கனிதான் பொரிந்து கொட்டுகிறது. உப்புக் காற்று கம்பிக்குள் போய்விட்டது. துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்துச் சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். சுண்ணாம்புக் கூரையில் துருப்பிடிக்கக் கம்பியே கிடையாது. வருகிறவர்களோ பால்கனியை அண்ணாந்து பார்த்துவிட்டு மொத்தமும் இற்றுப்போனது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

கடல் பக்கத்தில் என்பதால் இன்னொரு கேள்வியும் வரும். 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை விதிகள் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகின்றன. நாங்கள் அதற்கு வெளியே. இதற்கு நன்றி சொல்ல வேண்டியது துறைமுகத்துக்கு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதன் சுவர்கள் கடலுக்குள் நீண்ட பிறகுதான் தெற்கே மணல் சேர்ந்து மெரினா இத்தனை அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்த கதை தனி.

தரகர் கேட்கும் முதல் கேள்வி, "அடிமனை கோயிலுதா, சொந்தமா?" இந்தப் பக்கம் கோயில் மனையில் நிற்கும் வீடுகள் பல; அங்கே சுவர்தான் நம்முடையது. எங்களுடையது சொந்தம், மூலப்பத்திரம் இருக்கிறது. பெரியப்பா உயில் எழுதாமல் போனதால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பெரியம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. நான்கு கையெழுத்தும் ஒரே நாளில் கிடைப்பதுதான் பாடு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் என்பதால், "வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போட்டுக்கலாமே, மீதி கையில்" என்று இரண்டு பேர் நாசூக்காகக் கேட்டுப் பார்த்தார்கள். அக்கா கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் இருந்தவள்; அவர்களுக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை.

இப்போது ஒரு பில்டர் நெருங்கி வந்திருக்கிறார். வரைபடம் காட்டினார். தரைத்தளம் முழுக்கத் தூண்கள், கார்கள், மேலே வீடுகள். "கடை?" என்றேன். "பார்க்கிங்குக்கே இடம் பத்தலை சார்" என்றார். அவர் மேல் தப்பில்லை, காருக்கு இடம் காட்டாமல் பிளான் அப்ரூவல் வாங்க முடியாது, பிளாட்டும் விற்காது. ஆனால் இதே வரைபடம் வீட்டுக்கு வீடு ஏறிய தெருக்களில் நடந்து பாருங்கள்: இரும்புக் கேட், அதற்குப் பின்னால் இருட்டு, ஒரு வாட்ச்மேன் நாற்காலி. இஸ்திரி வண்டி நிற்க நிழலில்லை, அரை முழம் பூ வாங்க அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். கார் நிறுத்த ஒதுக்கிய இடத்தில்தான் தெருவின் பாதி வியாபாரம் இருந்தது.

போன வாரம் காப்பிக் கடைக்காரர் மேலே வந்தார். "மாமி, புதுசு கட்டினா ஓரமா எட்டுக்குப் பத்து எனக்கு விடச் சொல்லுங்கோ. வாடகையா வேணாம், விலைக்கே எடுத்துக்கறேன்." பெரியம்மா என்னைப் பார்த்து, "அக்ரிமென்ட்ல போடச் சொல்லுடா" என்றார். பில்டரிடம் சொன்னேன். ஒரு கார் இடம் போகும், அதற்கேற்ப மொத்த விலையில் குறைப்பேன் என்கிறார். எவ்வளவு குறையும் என்று எழுதிக் கேட்டிருக்கிறோம். நால்வரில் இரண்டு பேர் இப்போதே முகம் சுளிக்கிறார்கள்.