பதினாறு வயசுல ரிட்டையர்மென்ட்

அலிசா லியு யாருன்னு தெரியுமா உங்களுக்கு? அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டர். 2019-ல், பதின்மூணு வயசுலயே அந்நாட்டின் தேசிய சாம்பியன். அவ்வளவு சின்ன வயதில் அந்தப் பட்டத்தை ஜெயித்த பெண் வேறு யாரும் இல்லை. 2022-ல் பெய்ஜிங் ஒலிம்பிக், அடுத்த மாதமே உலகப் போட்டியில் வெண்கலம். அதோடு ஸ்கேட்ஸைக் கழட்டி வெச்சுட்டாங்க. வயசு பதினாறு!

நானும் ஒன்பதாவது வரை பேட்மிண்டன் ஆடினவன்தான். மாவட்ட அளவில் ஒரு கப்கூட இருக்கு. ஜேஇஇ கோச்சிங் வந்ததும் பேட் பரண்ல ஏறிடுச்சு. போதும்னு சொன்னது நான் இல்லை, வீடு. அலிசா மேல எனக்குப் பொறாமையே அதனாலதான். நிறுத்தறதைக்கூட அவங்களே முடிவு பண்ணாங்க.

எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்தாங்க, காலேஜ்ல சைக்காலஜி சேர்ந்தாங்க. ஒருநாள் பனிச்சறுக்கு விளையாடப் போன இடத்தில் பழைய வேகம் ஞாபகம் வந்திருக்கு. 2024-ல் திரும்பி வந்தாங்க. இந்தத் தடவை பாட்டு, டிரெஸ் எல்லாத்துலயும் அவங்க பேச்சுக்கு இடம் உண்டு. 2025 மார்ச், பாஸ்டன்: உலக சாம்பியன். அமெரிக்கப் பெண் ஒருத்தர் அதை ஜெயிச்சு 19 வருஷம் ஆகியிருந்தது.

போன வாரம் ஊர்ல பரணைக் குடைஞ்சேன். பேட்ல கிரிப் உதிர்ந்துபோச்சு, ஸ்ட்ரிங் ரெண்டு அறுந்திருக்கு. புதன்கிழமை பிளேஸ்மென்ட் டெஸ்ட் வேற. இருந்தாலும் ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்துட்டேன். சாயங்காலம் ஆட யாராவது வர்றீங்களா?