உப்பு சரியா இருக்கா?

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் கூட்டல் ஒன்றாக வந்துவிட்டால், உலகமே ஒழுங்காக இருப்பதாக நினைத்துக்கொண்டு தூங்கப் போய்விடுவோம். எனக்கு அந்த வியாதி முற்றிய நிலை. அதனால் இரண்டு மீன்கள் செத்துப் போயின. ஒரு நல்ல மனுஷரை நாலு பேருக்கு நடுவில் 'ஏமாற்றுக்காரர்' என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

எல்லாம் என் மகளில் ஆரம்பித்தது. 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தை அவள் டி.வி.யில் பார்த்துத் தொலைத்துவிட்டாள். அவள் பிறப்பதற்குப் பல வருஷம் முன்னால் வந்த படம். இருந்தாலும் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட அந்த மீன்தான் வேண்டும் என்று ஒரே அடம்.

"கப்பி மீன் வாங்கித் தரேம்மா. சாதாரணத் தண்ணியிலயே இருக்கும்."

"அதுக்குக் கோடு இல்லையேப்பா."

கோடு போட்ட க்ளவுன் மீன் கடல் மீன். அதற்குக் கடல் வேண்டும். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியில், 150 லிட்டரில், ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் கடல்!

"ஏங்க, மெரீனாவுக்குப் போய் நாலு குடம் பிடிச்சிட்டு வந்தா ஆகாதா?" என்றாள் மனைவி. ஆகாது. அந்தப் பக்கம் கூவம், இந்தப் பக்கம் அடையாறு. போதாததற்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கரையோரத் தண்ணீரின் உப்பு நீர்த்துவிடும். "அப்ப நம்ம கல் உப்பைக் கரைச்சிடலாமே?" அதுவும் ஆகாது. கடலில் சோடியம் குளோரைடு மட்டுமா இருக்கிறது? மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று ஒரு மளிகை லிஸ்டே இருக்கிறது. அதையெல்லாம் கலந்து பாக்கெட்டில் விற்கிறார்கள். விலையைக் கேட்டுவிட்டு மனைவி, "இதுல சாம்பார் வெச்சா வைரம் மாதிரி இருக்குமா?" என்றாள்.

ஒரு கிலோ கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம். இதுதான் கணக்கு. நல்ல தண்ணீரின் கனம் 1 என்றால் கடல்நீரின் கனம் ஏறக்குறைய 1.026. இதை அளக்க ஹைட்ரோமீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கினேன். உள்ளே ஒரு முள். தண்ணீரை நிரப்பினால் முள் மிதந்து எழுந்து ஓர் எண்ணைக் காட்டும். உப்பு அதிகமானால் முள் மேலே, குறைந்தால் கீழே. இதைவிட எளிது என்ன இருக்கிறது?

க்ளவுன் மீன் இரண்டு வந்தன. மகள் சுப்பு, சுந்தரி என்று பெயர் வைத்தாள். நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தேதி, நேரம், அளவு. தினம் 1.026, 1.026, 1.026. பார்க்கவே பாலன்ஸ் ஷீட் மாதிரி அழகாக இருக்கும்.

சித்திரை பிறந்தது. தொட்டித் தண்ணீர் கொதிக்கிறதே என்று மூடியை எடுத்துவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். தண்ணீர் குளிர்ந்தது. கூடவே தினம் இரண்டு லிட்டர் காணாமலும் போனது. போனால் என்ன? குறைந்தது உப்புத் தண்ணீர், ஆகவே உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றினேன். நியாயம்தானே?

அது நியாயமில்லை என்று பத்தாம் வகுப்புப் பையன்கூடச் சொல்லுவான். ஆவியாகப் போவது வெறும் தண்ணீர். உப்பு எங்கேயும் போவதில்லை, தொட்டியிலேயே உட்கார்ந்திருக்கும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் தினம் 70 கிராம் உப்பை நான் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் முள்? அது பாட்டுக்கு 1.026!

எப்படி என்று கேட்கிறீர்களா? அந்த டப்பாவை நான் ஒருநாளும் நல்ல தண்ணீரில் அலசியதில்லை. அளந்ததும் அப்படியே அலமாரியில் வைத்துவிடுவேன். முள்ளின் மேலும், அது சுழலும் அச்சிலும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்துகொண்டே வந்திருக்கிறது. படிவு ஏற ஏற முள் கனத்துப் போனது, அச்சும் இறுகியது. மேலே போக வேண்டிய முள் முடியாமல் பாதி வழியில் நின்றது. அந்தப் பக்கம் உப்பு ஏற, இந்தப் பக்கம் முள் அமுங்க, கூட்டிக் கழித்தால் கணக்கு 'டாலி'.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சில நாள் முள் 1.027-ஐத் தொடும். 'நீர்க்குமிழி ஒட்டியிருக்கும்' என்று டப்பாவை 'டொக்' என்று தட்டுவேன். குமிழி ஒட்டினால் முள் அதிகமாகக் காட்டும் என்பது நிஜம். அதனால் தட்டுவதும் சரி. ஆனால் நான் தட்டியது குமிழி போவதற்காக அல்ல, 1.026 வருவதற்காக. வந்ததும் நிறுத்திவிடுவேன்.

இந்த லட்சணத்தில்தான் கொளத்தூர் போனேன். வண்ண மீன் கடைகளுக்குப் பேர் போன இடம். ஒரு கடையில் நீல நிற டாம்செல் மீன் இரண்டு வாங்கினேன். "கெட்டியான மீன் சார், லேசுல சாகாது. ஆனா உடனே விட்டுடாதீங்க. உங்க தண்ணிய சொட்டுச் சொட்டா பையில விட்டுப் பழக்கிட்டு அப்புறம் விடுங்க" என்றார் கடைக்காரர். நான் ஐம்பது ரூபாய் குறைப்பதில் மும்முரமாக இருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. கால் மணி நேரம் பையை மிதக்க விட்டுவிட்டு அப்படியே தொட்டியில் கொட்டினேன்.

மறுநாள் காலையில் ஒன்று தரையில் கிடந்தது. சாயங்காலத்துக்குள் இன்னொன்றும் போய்விட்டது. சுப்புவும் சுந்தரியும் எதுவுமே நடக்காதது போல் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

மகள் அழவில்லை. "நாம என்னப்பா தப்புப் பண்ணினோம்?" என்று மட்டும் கேட்டாள்.

"நாம ஒண்ணும் பண்ணலைம்மா. கடைக்காரன் சீக்கு மீனைத் தலையில கட்டிட்டான்" என்றேன்.

சொன்னதோடு விட்டேனா? நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொளத்தூர் போனேன். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே மூன்று மாதக் கணக்கை விரித்துக் காட்டி, "பழைய மீன் நல்லா இருக்கு, உங்க மீன் மட்டும் சாகுது. இது ஏமாத்து வேலை இல்லையா?" என்று சத்தம் போட்டேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "உங்க தண்ணிய ஒரு பாட்டில்ல கொண்டாங்க சார், பாத்துடலாம்" என்றார். "என் தண்ணிக்கு ரெக்கார்டு இருக்குய்யா!" என்று நோட்டைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். கடையிலிருந்த ஒருவர் மீன் வாங்காமலே என் பின்னால் வெளியே வந்ததை அப்போது ஒரு வெற்றியாக வேறு நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மாடியில் ஒரு பையன் மீன்வளப் படிப்பு படிக்கிறான். நல்ல பையன். என்னை 'அங்கிள்' என்று கூப்பிடுவது ஒன்றுதான் குறை. விஷயத்தைக் கேட்டுவிட்டு ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒன்றைக் கொண்டு வந்தான். டெலஸ்கோப் குட்டி போட்ட மாதிரி இருந்தது. அதன் கண்ணாடி மேல் இரண்டு சொட்டுத் தொட்டித் தண்ணீரை விட்டு மூடி, அரை நிமிஷம் காத்திருந்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தான். உப்பு ஏற ஏற ஒளி வளைவது கூடும், அதை அளக்கிற கருவி. மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவில் ஒரு கோடு.

கோடு 42-ல் நின்றது.

"உன் மெஷின் தப்பு" என்றேன். பின்னே? என்னிடம் மூன்று மாத ஆதாரம் இருக்கிறதே!

பையன் கோபித்துக்கொள்ளவில்லை. "இருக்கலாம் அங்கிள். எது தப்புன்னு ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டா தெரியாது. நமக்கு நிச்சயமா தெரிஞ்ச ஒரு தண்ணி வேணும்" என்றான்.

முதலில் இன்வர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை விட்டுப் பார்த்தான். பூஜ்யம் காட்டியது. "அப்ப மெஷின் சரிதானே?" என்றேன். "காலித் தட்டுல சரியா நிக்கிற தராசு, பத்து கிலோ வெச்சாலும் சரியா நிக்கும்னு நிச்சயமா?" என்று கேட்டான். எந்த அளவு நமக்கு வேண்டுமோ, அதன் பக்கத்தில்தான் சோதிக்க வேண்டுமாம்.

சாதா தூள் உப்பு 36.5 கிராம், தண்ணீர் 963.5 கிராம். இந்தக் கலவை, 35 கிராம் உப்புள்ள கடல்நீர் எவ்வளவு ஒளியை வளைக்குமோ அவ்வளவு வளைக்கும். (கடல் உப்பில் மற்ற சரக்குகளும் இருப்பதால்தான் இந்த ஒன்றரை கிராம் வித்தியாசம்.) எங்கள் சமையலறைத் தராசு அரை கிராமுக்கெல்லாம் அசைந்து கொடுக்காது. தெருமுனை அடகுக் கடைக்குப் போனேன். அங்கே உப்பை எடை போடச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். தங்கம் விற்கிற விலையில் அவரும் எதையும் ஆச்சரியமாகப் பார்க்கும் நிலையில் இல்லை. போட்டுக் கொடுத்தார்.

கலவையை விட்டுப் பார்த்தோம். 35 காட்ட வேண்டிய இடத்தில் 36. பையன் சின்ன ஸ்க்ரூவைத் திருகி 35-க்குக் கொண்டு வந்தான். மறுபடி தொட்டித் தண்ணீர். 41. ஆக அவன் கருவியிலும் ஒன்று தப்பு. அதை அவன் சோதித்தான், திருத்தினான். நான் தட்டினேன்.

இது ஏதோ என் வீட்டுக் கூத்து என்று நினைக்க வேண்டாம். நூறு வருஷத்துக்கு முன்னால் கடல் விஞ்ஞானிகளுக்கே இதே தலைவலி. ஒரே கடலை இரண்டு கப்பல் அளந்தால் இரண்டு விடை. மார்ட்டின் நுட்சன் என்ற டென்மார்க்காரர் வழி சொன்னார். உப்பு திட்டமாகத் தெரிந்த கடல்நீரைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்துச் சீல் வைத்து, கோபன்ஹேகனிலிருந்து எல்லா நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கும் அனுப்பினார்கள். உங்கள் கருவியை இந்தத் தண்ணீரோடு ஒப்பிட்டுவிட்டுப் பிறகு கடலை அளங்கள்! பின்னால் மின்சாரம் பாயும் அளவை வைத்து உப்பைக் கணக்கிடும் முறை வந்தது. அதற்கும் 1978-ல் ஓர் ஆதாரக் கலவையை வைத்தார்கள். ஒரு கிலோ கலவையில் 32.4356 கிராம் பொட்டாசியம் குளோரைடு. அவர்களும் கடைசியில் தராசில்தான் வந்து நின்றிருக்கிறார்கள்.

டாம்செல்கள் செத்த காரணத்தைப் பையன் சொன்னான். மாங்காயில் உப்பைப் போட்டால் தண்ணீர் விடுகிறதல்லவா? கடல் மீனின் உடம்பிலிருந்தும் எப்போதும் அப்படித் தண்ணீர் கசிந்துகொண்டேயிருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடித்து, அதிக உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளும். உப்பு மெல்ல மெல்ல ஏறினால் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். சுப்பு, சுந்தரி பிழைத்தது அப்படி. உப்புக் குறைந்த தண்ணீரிலிருந்து திடீரென்று 41-ல் விழுந்தால் கெட்டியான மீனும் தாங்காது. பல கடைகளில் உப்பைக் கொஞ்சம் குறைத்தே வைத்திருப்பார்களாம்.

கீழே வந்து கணக்குப் போட்டேன். 150 லிட்டரில் 6 கிராம் வீதம் கூடுதல் என்றால் 900 கிராம். தினம் 70 கிராம் வீதம் 13 நாள். ஃபேனைத் திருப்பி வைத்த தேதியைப் பார்த்தேன். கணக்கு கச்சிதமாக வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, கணக்கு சரியாக வந்ததற்காக வருத்தப்பட்டேன்.

கல்லூரியில் சொல்லித் தந்த பாடம்தான் இது. இருப்புச் சோதனையில் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தாலும் உள்ளே தப்பு இருக்கலாம், ஒரு பிழையை இன்னொரு பிழை மறைத்துவிடும் என்று. 'ஈடுசெய் பிழை' என்று பெயர். பரீட்சையில் இதற்கு ஐந்து மார்க் வாங்கியவன் நான்.

மகளிடம் போய்ச் சொன்னேன். "அன்னிக்குக் கேட்டியே, நாம என்ன தப்புப் பண்ணினோம்னு? நீ ஒண்ணும் பண்ணலை. நான்தான் பண்ணினேன்." அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தக் கடை அங்கிள்?" என்றாள்.

தினம் 4 லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு உப்பில்லாத தண்ணீர் ஊற்றினேன். அவசரப்பட்டால் இருக்கிறதும் போய்விடும். ஆவியாவதற்கும் இனி வெறும் தண்ணீர்தான். ஆறாம் நாள் 35. ஏழாம் நாள் ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு கொளத்தூர் போனேன்.

கடையில் அன்றைக்கும் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று முதலில் காத்திருந்தேன். அப்புறம் அது நியாயமில்லை என்று தோன்றியது. திட்டும்போது கூட்டம் இருந்ததே! "அன்னிக்கு நான் பேசினது தப்புங்க. என் தண்ணிதான் கோளாறு. உங்க மீன்ல ஒண்ணும் இல்லை" என்றேன்.

அவர் எதுவும் சொல்லாமல் பாட்டிலை வாங்கி, கருவியில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தார். பிறகு அதை மகளிடம் கொடுத்து, "பாரும்மா, கோடு எங்க இருக்கு?" என்றார்.

"முப்பத்தஞ்சு!"

"இப்ப மீன் எடுத்துக்கலாம் சார்."

இரண்டு டாம்செல் எடுத்துக்கொண்டோம். பேரம் பேசவில்லை. சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்துக்கு மேல் பழக்கி விட்டேன். இதை எழுதும்போது இரண்டும் என் முதுகுக்குப் பின்னால் நீந்திக்கொண்டிருக்கின்றன. பழைய டப்பாவை வினிகரில் ஊறவைத்துக் கழுவினேன். இப்போது ஒழுங்காகத்தான் காட்டுகிறது. இருந்தாலும் மாதம் ஒருமுறை அந்த உப்புக் கலவை சோதனை உண்டு.

சமையலறையிலிருந்து கரண்டியோடு மனைவி வருகிறாள். "ஏங்க, சாம்பார்ல உப்பு சரியா இருக்கான்னு பாருங்க."

"சரியாத்தான் இருக்கும்" என்று நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன்.

"வாயில விட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.