விட்டதைப் பிடிக்காதே

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

அக்கா எழுதுவது. வாடகைக்கு என்று நீ கேட்ட பணத்தை உன் வீட்டுக்காரர் கணக்குக்கே நேராக அனுப்பிவிட்டேன். உன் கையில் தரவில்லையே என்று கோபப்படுவாய், பட்டுக்கொள். சனிக்கிழமை மேட்ச் முடிகிற நேரத்தில் வாடகை ஞாபகம் வருமா என்ன?

பெட் கட்டுவதை அடியோடு விட்டுவிடு என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மறைத்துக் கட்டுவாய். அம்மாவிடம் நீ சிகரெட்டை மறைத்த அழகு எனக்குத் தெரியும். இந்த நாட்டில் பெட்டிங் சட்டப்படி நடக்கிற தொழில், பணமும் நீ சம்பாதித்தது. கணக்குத் தெரிந்து கட்டு, அவ்வளவுதான். பி.காம். படித்தவன் நீ.

3 கோல் விழும், விழாது, இரண்டுக்கும் 1.90 தருகிறார்கள் என்று வை. இரண்டிலும் பத்துப் பத்து பவுண்டு போட்டால் 20 போய் 19 திரும்பும். மேட்ச் எப்படி முடிந்தாலும் அந்த ஒரு பவுண்டு கம்பெனிக்கு. நாலு மேட்சைச் சேர்த்து ஒரே பெட்டாகக் கட்டுகிறாயே, அது இன்னும் மோசம். நாலும் சம வாய்ப்பு என்றால் ஜெயிக்கிறபோது 10 பவுண்டுக்கு நியாயமாக 160 வர வேண்டும். 1.90-ஐ நாலு முறை பெருக்கிப் பார், 130தான் வரும். ஒவ்வொரு மேட்சிலும் அவர்கள் எடுக்கிற பங்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. விளம்பரத்தில் இந்தச் சேர்த்துக் கட்டும் பெட்டையே தூக்கிப் பிடிப்பது சும்மா இல்லை.

"எனக்கு ஃபுட்பால் தெரியும்க்கா" என்பாய். ஐவன் டோனிக்குத் தெரியாத ஃபுட்பாலா? பிரீமியர் லீக்கில் 20 கோல் அடித்த அதே சீசனில், 2023 மே மாதம், அவருக்கு 8 மாதத் தடை விழுந்தது. பந்தய விதியை 232 முறை மீறியதை ஒப்புக்கொண்டார். சூதுக்கு அடிமையாகியிருந்தார் என்று மனநல மருத்துவரே சொன்னார். அவர் போட்டு ஆடிய பிரென்ட்ஃபோர்டு சட்டையின் நெஞ்சில் ஒரு பெட்டிங் கம்பெனியின் பெயர்! இந்த ஊர் நியாயம் அப்படி.

எவ்வளவு கட்டுவது என்பதை மேட்ச் நடக்கும்போது முடிவு செய்யாதே. சம்பளம் வந்த அன்றைக்கு, வாடகையும் வீட்டுக்கு அனுப்புவதும் போக, திரும்பி வராத காசு என்று ஒரு தொகையை ஒதுக்கு. அதையே ஆப்பில் டெபாசிட் லிமிட்டாகப் போடு. குறைத்தால் உடனே நடக்கும்; கூட்டக் கேட்டால் குறைந்தது 24 மணி நேரம் காக்க வைப்பார்கள். அந்த ஒரு நாள்தான் உனக்கு வேண்டும். தோற்ற ராத்திரியில் விட்டதைப் பிடிக்கிறேன் என்று கட்டுகிற பெட்டுதான் உன் சம்பளத்தைத் தின்கிறது. கிரெடிட் கார்டில் கட்ட இங்கே 2020 ஏப்ரலிலிருந்தே தடை. நண்பனிடம் கைமாற்று வாங்கிக் கட்டினாலும் கடன் கடன்தான்.

அப்படியும் கை நிற்கவில்லை என்றால் கேம்ஸ்டாப்பில் பேரைக் கொடுத்துவிடு. நம்மை நாமே தடுத்துக்கொள்ளும் வழி அது; 6 மாதம், 1 வருடம், 5 வருடம் என்று இருக்கிறது. இங்கே உரிமம் வாங்கிய எந்த ஆன்லைன் கம்பெனியிலும் நுழைய முடியாது, நடுவில் மனசு மாறினாலும் எடுக்க முடியாது. பேச ஆள் வேண்டுமானால் சூதாட்ட உதவி எண் 0808 8020 133, இலவசம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். என்னிடம் சொல்ல வெட்கப்படுவதை அவர்களிடம் சொல்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா, லெஸ்டரிலிருந்து பஸ் டிக்கெட் நான் போடுகிறேன். லிமிட்டை இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டுவிடுவோம். அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு தடவை வாடகை நின்றால் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
அக்கா