நாலு இட்லி 8888 ரூபாய்



இந்த மாத சுவர் இதழுக்கு எல்லாரும் கவிதை, விடுகதை, பொன்மொழி என்று கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் எங்க வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். அதில் தப்பு பண்ணினது நான்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்க அம்மா கிரிவலப் பாதை ஓரம் கடை போட்டிருக்காங்க. இட்லி, சுண்டல், சுக்கு காபி. 14 கிலோமீட்டர் சுத்துறவங்க நம்ம ஊருக்கு வரும்போது பாதி தூரம் நடந்து, கால் வலியோட வருவாங்க. அப்போ சுக்கு காபி வாசனை வந்தா நிக்காமல் போவாங்களா? பௌர்ணமி அன்னைக்கு விடிய விடிய வியாபாரம். மத்த நாளில் நம்ம ஊர்க்காரங்கதான். அவங்களில் பாதிப்பேர் "அப்புறம் தரேன்" என்று சொல்லுகிற ஆளுங்க.

கணக்கு போட எங்க பெரியம்மா பொண்ணு, அதாவது அக்கா, ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தாங்க. அக்காவுக்கு பிளஸ் டூ படிச்சப்போ அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இருக்கு. 2011-ல் ஆரம்பிச்ச திட்டத்தில் கிடைச்சது. அதைத் திறந்தால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பாஸ் என்பது சி-டாக் என்ற நம்ம நாட்டு நிறுவனம் உருவாக்கினது. அக்கா இப்போ வேலைக்கு சென்னை போய்விட்டதால் லேப்டாப் எங்க வீட்டுக்கு வந்துவிட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் பத்து நிமிஷத்தில் அணைந்துவிடும், ஆனாலும் ஓடுது.

புரோகிராம் பைத்தானில் எழுதினது. பைத்தான் என்றால் மலைப்பாம்பு என்று நான் நினைச்சேன். இல்லையாம், அதை எழுதின கீடோ வான் ரோசம் என்பவர் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரில் இருந்து எடுத்து வெச்சதாம். முதலில் வெளியிட்டது 1991-ல். 2019-ல் வந்த பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் பைத்தான் பாடமாவே இருக்கு, அதனால் நாமளும் மூணு வருஷத்தில் படிக்க வேண்டியதுதான்.

அக்கா ஒரு புத்திசாலித்தனம் பண்ணியிருந்தாங்க. இட்லி விலையைப் புரோகிராமுக்குள்ளே எழுதவில்லை. பக்கத்தில் ஒரு தனி ஃபைலில் எழுதி வெச்சாங்க. கேட்டதுக்கு, "மாவு விலை ஏறினா உங்கம்மா புரோகிராமைத் திறந்து மாத்துவாங்களா? இந்த ஃபைலைப் பார்த்தா உங்கம்மாவுக்கே புரியும்" என்றாங்க. அந்த ஃபைல் இப்படி இருந்தது:

# அம்மா கடை. விலை மாறினால் இங்கே மட்டும் மாத்தவும்
[விலை]
இட்லி = 8
சுண்டல் = 20
சுக்கு காபி = 15

அவ்வளவுதான். சதுர அடைப்புக்குள் இருப்பது தலைப்பு. சமக்குறிக்கு இந்தப் பக்கம் பெயர், அந்தப் பக்கம் மதிப்பு. இதைக் கான்ஃபிக் ஃபைல் என்பார்கள். இதைப் படிக்க "கான்ஃபிக்பார்சர்" என்று ஒன்று பைத்தான் கூடவே வருது. பழைய விண்டோஸும் தன் அமைப்புகளை இப்படி ஃபைலில்தான் எழுதி வெச்சதாம். லினக்ஸில் இதுக்கென்று "ஈடிசி" என்று ஒரு ஃபோல்டரே இருக்கு, உள்ளே பார்த்தால் நிறைய எழுத்து ஃபைல்கள். கம்ப்யூட்டர் பெரிய மந்திரம் என்று நினைச்சிருந்தேன். அதுவும் நம்மளை மாதிரி காலையில் எழுந்ததும் சீட்டைப் பார்த்துத்தான் வேலை ஆரம்பிக்குது!

அக்கா இல்லாதப்போ நானே இன்னொரு புரோகிராம் எழுதிப் பார்க்கலாம் என்று ஆசை வந்தது. ஒரு ஆளுக்கு எவ்வளவு பில் என்று சொல்லணும். விலையை ஃபைலில் இருந்து எடுத்து, எண்ணிக்கையால் பெருக்கினேன். நாலு இட்லி என்று போட்டேன்.

8888 என்று வந்தது.

அம்மா எட்டிப் பார்த்துட்டு, "இன்னா பாப்பா, இட்லியில தங்கம் வெச்சிருக்கோமா?" என்றாங்க. தம்பி விழுந்து விழுந்து சிரிச்சான். ராத்திரி அக்காவுக்கு போன் பண்ணினேன். ஃபைலில் இருந்து எது வந்தாலும் கான்ஃபிக்பார்சர் அதை எழுத்தாகத்தான் கொடுக்குமாம். 8 என்பது நமக்கு எண், அதுக்கு வெறும் எழுத்து. ஒரு எழுத்தை நாலால் பெருக்கினால் பைத்தான் அதையே நாலு தடவை எழுதிவிடும். "கெட்இன்ட்" என்று கேட்டால்தான் எண்ணாக மாத்திக் கொடுக்கும். மாத்தினேன், 32 வந்தது.

அடுத்த தொல்லை விண்டோஸில். பாஸில் ஓடின அதே புரோகிராம் விண்டோஸில் ஃபைலைப் படிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. தமிழ் எழுத்து எந்த முறையில் சேமிச்சிருக்கு என்று எங்க லேப்டாப் விண்டோஸுக்குத் தெரியல. ஃபைலைத் திறக்கும்போது "யூடிஎஃப்-8" என்று நாமே சொல்லணும். சொன்னதும் படிச்சுது. அக்கா இன்னொன்றும் சொன்னாங்க. கான்ஃபிக்பார்சர் இங்கிலீஷ் பெயர்களை எல்லாம் சின்ன எழுத்தாக மாத்திவிடுமாம், அதில் நிறையப் பேர் குழம்புவாங்களாம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாதே! அந்தக் குழப்பம் நமக்கு இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.

இப்போ என் தப்புக்கு வரேன்.

# போட்ட வரியை புரோகிராம் கண்டுகொள்ளாது. அது மனுஷங்களுக்காக எழுதுற குறிப்பு. விற்ற கணக்கில் பாக்கி கலக்கக் கூடாது என்பதால் அக்கா அதை # போட்டு, அதே ஃபைலில் கீழே எழுதி வெச்சிருந்தாங்க. அக்கா போனதுக்கு அப்புறம் நான் எழுதினேன். தினமும் ராத்திரி அம்மா பாத்திரம் கழுவிக்கிட்டே சொல்லுவாங்க, நான் அடிப்பேன். "# மூணாவது வீட்டு ஆயா 96", "# பூக்கார அக்கா 140" இந்த மாதிரி. மொத்தம் பதினோரு பேர். "பதினோரு பேரும் ஒரே நாள்ல கொடுத்தா உனக்கு செருப்பு வாங்கிடலாம்" என்று அம்மா சொல்லுவாங்க, அதனால் எண்ணிக்கை நல்லா ஞாபகம் இருக்கு.

ஐப்பசி பௌர்ணமிக்கு முதல் நாள். இட்லி விலையை 10 ஆக்கணும். ஃபைலைத் திறந்து 8-ஐ அழிச்சுட்டு 10 போட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. நான் பெரிய ஆள் மாதிரி, விலையைக் கேட்டு தானே ஃபைலில் எழுதுகிற புரோகிராம் பண்ணினேன். ஓட்டினேன். ஒரு தப்பும் காட்டல. ஃபைலைத் திறந்து பார்த்தேன். இட்லி = 10 என்று அழகா இருந்தது. கீழே ஒன்றுமே இல்லை. மேலே அக்கா எழுதின "அம்மா கடை" வரியும் இல்லை.

கான்ஃபிக்பார்சர் ஃபைலைப் படிக்கும்போதே # வரிகளை விட்டுவிடும். திரும்ப எழுதும்போது தனக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதும். அதன் மேல் தப்பு இல்லை, அது அப்படித்தான். எனக்குத்தான் தெரியல. நகலும் எடுத்து வைக்கல. பழைய ஃபைலை நோட்பேடில் மூடாமல் வெச்சிருந்தாலாவது அதையே திரும்பச் சேமிச்சிருக்கலாம் என்று அக்கா சொன்னாங்க. நான் எல்லாத்தையும் மூடிட்டேன், நல்ல பிள்ளை மாதிரி.

ரெண்டு மணி நேரம் அம்மாகிட்ட சொல்லவே இல்லை. வயித்து வலி என்று படுத்துக்கிட்டேன். அப்புறம் அம்மா சுக்கு இடிக்கிறப்போ போய் சொல்லி அழுதுட்டேன். அடி விழும் என்று நினைச்சேன். அம்மா உலக்கையை வெச்சுட்டு, "நோட்டு எடுத்துட்டு வா" என்றாங்க. ஒவ்வொரு பேரா சொன்னாங்க. எந்தக் கிழமை, என்ன வாங்கினாங்க, குழந்தையோட வந்தாங்களா என்பது வரைக்கும் சொன்னாங்க. ஒன்பது பேர் வந்துட்டாங்க. மூணாவது வீட்டு ஆயா பேரைச் சொன்னப்போ, "அது வராது, தெரிஞ்சுதான் கொடுக்கிறேன். ஆனா எழுதிக்கோ" என்றாங்க. ஏன் எழுதணும் என்று கேட்டேன். "எழுதலைன்னா நாளைக்கு வந்து கேக்க வெக்கப்படும்" என்றாங்க. எனக்கு முதலில் புரியல. கடன் என்றால் உரிமையாகத் திரும்ப வரலாம், சும்மா கொடுத்தால் வரமாட்டாங்க என்று அப்புறம் யோசிச்சுப் பார்த்தப்போ தோணுச்சு.

அம்மா பூக்கார அக்காவை மறந்தே போயிட்டாங்க, நானும் பயத்துல மறந்துட்டேன். பௌர்ணமி முடிஞ்ச மறுநாள் அவங்களே வந்து, "எம்பேர்ல 140 இருக்கே, இந்த வாரம் ஏன் கேக்கல?" என்று கொடுத்துட்டுப் போனாங்க.

இப்போ விலை மாத்த வேற வழி பண்ணியிருக்கேன். புரோகிராம் ஃபைலைச் சாதாரண எழுத்தாக வரி வரியாகப் படிக்கும். "இட்லி" என்று தொடங்குகிற வரியை மட்டும் மாத்தும், மத்த வரிகளை அப்படியே எழுதும். # வரி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கு. எழுதும் முன்னாடி பழைய ஃபைலை அந்தத் தேதி போட்டு ஒரு நகல் எடுத்துக்கும். பாக்கியைத் தனித் தலைப்பு போட்டு, பேர் = தொகை என்று எழுதச் சொன்னாங்க அக்கா, அப்போ கூட்டிக்கூடப் பார்க்கலாம். அம்மா வேண்டாம் என்றுட்டாங்க. "கூட்டிப் பார்த்தா மனசு கஷ்டமாயிடும், # போட்டே இருக்கட்டும்."

ஒன்பது, பூக்கார அக்கா பத்து. பதினோராவது ஆள் யார் என்று இன்னும் தெரியல. அம்மாவும் யோசிச்சுப் பார்த்துட்டாங்க. நானே அடிச்ச வரிதான், ஆனால் பேரோ தொகையோ ஞாபகம் வரல. ஃபைலில் கடைசி வரி "# இன்னொருத்தர்" என்று மட்டும் இருக்கு. இதைப் படிக்கிற உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது எங்க கடையில் பாக்கி வெச்சிருந்தால், பணம் கூட வேண்டாம், பேரை மட்டும் என்கிட்ட சொல்லுங்க. இதை அம்மா எழுதச் சொல்லல, நானாகத்தான் எழுதியிருக்கேன்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
அடி அண்ணாமலை.