சித்தூரின் சின்ன வாத்தியார்கள்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் பஸ் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டியதும், கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. டீக்கடை பெஞ்சில் தமிழும் மலையாளமும் சர்க்கரையும் டிக்காஷனுமாகக் கலந்தே கிடக்கின்றன. அந்தப் பக்கம்தான் சித்தூர். ஆந்திராவின் சித்தூர் அல்ல; பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்.

ஊரையொட்டி ஓடும் ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன், தன் கடைசிக் காலத்தை இந்தக் கரையில்தான் கழித்தார் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அவர் பெயரில் ஒரு மடமும் இருக்கிறது. எழுத்தச்சன் என்றால் எழுத்துச் சொல்லித்தரும் ஆசான். அப்படிப்பட்ட ஊர்ப்பக்கத்தில் இப்போது சில நேரம் பாடம் தலைகீழாக நடக்கிறது!

ஓர் அரசுப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு, உயிரியல் பீரியட். இதயம் எப்படித் துடிக்கிறது என்று படம் காட்ட வேண்டும். லேப்டாப் ஓடுகிறது, புரொஜெக்டரும் எரிகிறது. சுவரில் மட்டும் வெறும் நீல வெளிச்சம். டீச்சருக்கு ஓய்வு பெற இன்னும் சில வருடங்களே பாக்கி. வீட்டில் இருப்பது விண்டோஸ் கம்ப்யூட்டர். பள்ளி லேப்டாப்பிலோ லினக்ஸ். எங்கே எதை அழுத்துவது என்று கை தடுமாறுகிறது. பின் பெஞ்சில் லேசாகச் சிரிப்புச் சத்தம்.

"மோளே, இங்க கொஞ்சம் வா."

மூன்றாவது பெஞ்ச் மாணவி எழுந்து வருகிறாள். கேபிளைக் கழற்றிச் சரியாக மாட்டுகிறாள். ஆனால் மவுஸைத் தொடவில்லை.

"டீச்சர், செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே போங்க. அதுல மிரர்னு இருக்கும் பாருங்க."

டீச்சரே அழுத்துகிறார். சுவரில் இதயம் துடிக்கிறது. சிரித்த பெஞ்ச் அடங்கிவிட்டது.

அந்தப் பெண் 'லிட்டில் கைட்ஸ்' உறுப்பினர். கேரளப் பள்ளிகளின் தொழில்நுட்பப் பணிகளைக் கவனிக்கும் அரசு நிறுவனம் 'கைட்'. அது 2018 ஜனவரியில் தொடங்கிய மாணவர் அமைப்பு இது. அந்தச் சமயத்தில் 8 முதல் 12 வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப், புரொஜெக்டர் கொடுக்கும் திட்டம் நடந்துகொண்டிருந்தது. பெட்டி பெட்டியாகச் சாமான் வந்து இறங்கினால் போதுமா? ஒரு கேபிள் மக்கர் பண்ணினால், மெக்கானிக் வரும்வரை பாடம் காத்திருக்குமா? அதனால் வகுப்பிலேயே கைகாரப் பிள்ளைகளைத் தயார் செய்தார்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு தகுதித் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். அனிமேஷன், ஹார்டுவேர், எலெக்ட்ரானிக்ஸ், மலையாளத்தில் டைப் செய்வது, இணையப் பாதுகாப்பு என்று பயிற்சி உண்டு. வழிநடத்தும் ஆசிரியர்களுக்குத் தொடக்கத்தில் 'கைட் மாஸ்டர்', 'கைட் மிஸ்ட்ரஸ்' என்று பட்டம் வைத்தார்கள். 2022-ல் இந்தப் பிள்ளைகள் தங்கள் அம்மாக்களுக்கே இணையப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கெட்டிக்காரப் பிள்ளை கிடைத்துவிட்டால், 'நீயே போட்டுக் கொடுத்துடு' என்று எல்லா வேலையையும் அதன் தலையில் கட்டிவிடுவது சுலபம். அப்படிச் செய்தால் டீச்சரும் கற்றுக்கொள்ள மாட்டார். பிள்ளையின் படிப்பும் கெடும். அந்தப் பெண் மவுஸைத் தொடாமல் நின்றாளே, அதில்தான் விஷயமே இருக்கிறது. உதவி வேறு, எடுபிடி வேலை வேறு.

கேட்கிறவருக்கும் ஒரு மனசு வேண்டும். இத்தனை வருஷம் கரும்பலகையில் ராஜாங்கம் நடத்திய ஒருவர், நாற்பது பிள்ளைகள் முன்னால் 'எனக்குத் தெரியலையே' என்று சொல்வது லேசான காரியமா? கூச்சப்பட்டு, புரொஜெக்டரைத் துணி போட்டு மூடியே வைத்துவிடலாம். நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான்.

அடுத்த நாள் அதே பீரியட். கேபிளை மாட்டிய டீச்சர், டிஸ்ப்ளேயைத் தேடுகிறார். கை இரண்டு தடவை தவறான இடத்துக்குப் போய்த் திரும்புகிறது. மூன்றாவது பெஞ்ச் பெண் பாதி எழுந்துவிட்டாள்.

"இரு மோளே, நானே பார்க்கறேன்."

படம் வந்துவிட்டது. அவள் சிரித்தபடி உட்கார்ந்து நோட்டைத் திறக்கிறாள்.